நான்காவது மூலை

மூன்றுதான் இருக்கிறது. இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய காகிதம் அப்படித்தான். இன்னொரு தடவை எண்ணினால் நாலு வரும். நாலு வந்தாக வேண்டும். நாலு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேனே, நான் என்ன எண்ணத் தெரியாதவளா?

அவள் தகர டப்பாவை மறுபடியும் மேஜைமேல் கவிழ்த்தாள். காகித மூலைகள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றும் முக்கோணமாக, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு வரைபட எண், ஒரு ரிவிஷன் எண். பின்பக்கம் அவள் கையால் எழுதிய ஒரே வார்த்தை: எந்தப் பிரிவிலிருந்து திரும்பி வந்த பிரதி என்பது. கதவு வரைபடத்தின் ஐந்தாவது ரிவிஷனை மட்டும் பொறுக்கி எடுத்து வரிசையாக வைத்தாள். வெட்டும் பிரிவு. வெல்டிங். பரிசோதனை.

ஃபிட்டிங் இல்லை.

டப்பாவுக்குள் கையை விட்டு அடியைத் தடவினாள். விரலில் துருதான் ஒட்டியது.

அந்தத் தொழிற்சாலையில் ஆட்டோகிளேவ் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கதவை மூடி, அழுத்தமான நீராவியால் கிருமி போக்குகிற பெரிய இரும்பு அறை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரைபடம். வரைபடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓர் அளவு கூடும், ஒரு துளை இடம் மாறும். மாறும்போதெல்லாம் எண் ஒன்று ஏறும். புதுப் பிரதி நான்கு பிரிவுகளுக்குப் போக வேண்டும். பழைய பிரதி நான்கும் திரும்பி வர வேண்டும். வந்த பழையதில், எண் இருக்கும் கீழ் மூலையை வெட்டி டப்பாவில் போட்டுவிட்டு மீதியைக் கிழித்துவிடுவாள். மூலை இல்லாத வரைபடத்தை வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்ய முடியாது. பதினோரு வருஷமாக இதுதான் அவள் வேலை. கீழே பட்டறையில் அவளை 'மூலை அக்கா' என்றுதான் சொல்வார்கள்.

பதிவேட்டை இழுத்துப் பக்கத்தைத் திறந்தாள். படிக்கத் தேவையே இல்லை, மனப்பாடம். ஆனாலும் படித்தாள்.

கதவின் பூட்டுப் பற்கள். ரிவிஷன் ஐந்திலிருந்து ஆறு. பல்லின் கனம் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்பது பதினாறு ஆகிறது. காரணம்: சோதனையில் நானூற்றுப் பன்னிரண்டாவது தடவை கதவை மூடி அழுத்தம் ஏற்றியபோது பல்லில் விரிசல் கண்டது. அமலுக்கு வருவது: இயந்திரம் எண் 4 முதல். திரும்பப் பெற்ற பழைய பிரதிகள்: 4. பக்கத்தில் அவளுடைய சுருக்கொப்பம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது இப்போது அவளுக்கு ஒரு படம்போல் துலக்கமாகத் தெரிந்தது. ஃபிட்டிங் பிரிவில் அவளுடைய கொழுந்தன். "அண்ணி, அடியில எங்கயோ மாட்டிக்கிச்சு, நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்றான். வேறு யாராக இருந்தாலும் அவன் மேஜை முன்னால் கத்தரிக்கோலோடு நின்றிருப்பாள். காகிதம் கைக்கு வரும்வரை நகர்ந்திருக்க மாட்டாள். இவன் ஒரே வீட்டில், அவள் தலைக்குமேல் மாடியறையில் தூங்குகிறவன். இவனை நம்பாமல் யாரை நம்புவது என்று நான்கு போட்டுவிட்டு வந்துவிட்டாள். நாளை என்பது எப்படியோ ஐந்து மாதமாகிவிட்டது.

நாளை மறுநாள் வெளியிலிருந்து தணிக்கைக்காரர் வருகிறார் என்பதற்காகத்தான் இன்று காலை டப்பாவைத் திறந்தாள். இல்லாவிட்டால் இந்த மூன்று மூன்றாகவே இருந்திருக்கும், அவளுக்கும் தெரிந்திருக்காது. அப்படித் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். அந்த ஆசையே அவளை இன்னும் பயமுறுத்தியது.

இரும்புப் படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டாள். பட்டறையில் அரவை இயந்திரம் நின்று அப்போதுதான் அமைதியாகியிருந்தது.

"மூலை அக்கா வந்தாச்சு. எல்லாரும் காதைப் பொத்திக்குங்க, கத்தரி எங்க பாயும்னு தெரியாது" என்றார் வயதான வெல்டர்.

"உங்க காது வெட்டுறதுக்குக்கூட லாயக்கில்ல" என்றாள். தினமும் சொல்கிற பதில்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் சிரித்தார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கொழுந்தன் ஓரத்து மேஜையில் அரம் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை நிறுத்தினான்.

"பழைய கதவு டிராயிங் ஒண்ணு உங்கிட்ட இருக்கு. அஞ்சாவது ரிவிஷன். அதைக் குடு" என்றாள்.

"எது அண்ணி?"

"நாளைக்குத் தர்றேன்னு சொன்னியே, அது."

அவன் எங்கேயும் தேடவில்லை. மேஜைமேல் விரித்திருந்த தடித்த பிளாஸ்டிக் விரிப்பை ஒரு ஓரமாகத் தூக்கினான். அடியில் அது விரிந்து கிடந்தது. நான்கு மூலையும் முழுசாக. எண்ணெய்க் கறை, பென்சிலில் அவன் போட்ட கணக்கு, ஒரு துளைக்கும் இன்னொரு துளைக்கும் இடையே அவனே கண்டுபிடித்து எழுதிவைத்த அளவுகள். அவன் இந்தக் காகிதத்தை ஒளித்து வைக்கவில்லை. தினமும் இதன்மேல்தான் வேலை செய்திருக்கிறான்.

"என் கணக்கெல்லாம் இதுல இருந்துச்சு அண்ணி. புதுசுல எல்லாத்தையும் மறுபடி எழுதணும். சரி, ஒரு மெஷின் முடியட்டும், அப்புறம் மாத்தி எழுதிக்கலாம்னு..."

"எந்த மெஷின்?"

அவன் அரத்தைத் துணியால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நாலு" என்றான்.

"பல்லு பன்னெண்டுலயா போட்டே?"

"ஸ்டோர்ல பன்னெண்டு பிளேட்டுதான் குடுத்தாங்க. டிராயிங்லயும் பன்னெண்டு. பரிசோதனைக்காரர் கதவு நல்லா மூடுதான்னு பார்த்தார். மூடுச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல."

"அஞ்சாவது மெஷினுக்கு?"

"பதினாறு. பன்னெண்டு தீர்ந்துபோச்சுன்னு பதினாறு குடுத்தாங்க."

அவள் காகிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்தப் பல் உடைந்தால் உள்ளே இருக்கும் நீராவி கதவையே பிய்த்து எறியும். நாலாவது இயந்திரம் கீழே பட்டறையில் இல்லை, கிடங்கிலும் இல்லை. இருபத்திரண்டு நாளாக அது எங்கே நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அனுப்பும் பட்டியலில் அந்த வரியையும் அவள்தான் எழுதினாள்.

*

ஆஸ்பத்திரியின் கருவி அறைக்குப் போன் போட்டாள். நாலைந்து முறை அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம், தட்டுகள் மோதும் சத்தம்.

"புது மெஷின் கம்பெனியிலேர்ந்து பேசறேங்க. சும்மா ஒரு விவரம். மெஷின்ல ஒரு மீட்டர் இருக்கும், எத்தனை தடவை ஓடியிருக்குன்னு காட்டும்..."

"இருங்கம்மா, கண்ணாடி போட்டுக்கறேன். இல்லாட்டி எனக்கு ஆறும் எட்டும் அக்கா தங்கச்சி" என்றாள் அந்தப் பெண். செருப்பு தேயும் சத்தம் போனது, திரும்பி வந்தது. "முன்னூத்தித் தொண்ணூத்தாறு."

அவள் அதைக் காகிதத்தில் எழுதினாள். பக்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள். கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கழித்தாள்.

"ஒரு தடவை ஓட எவ்வளவு நேரம் ஆகுது?"

"நாப்பது நிமிஷம். இன்னிக்கு விடவே மாட்டாங்க. ஆபரேஷன் நாளு. ரெண்டு பேர் லீவு வேற, நான் ஒருத்திதான். இதுக்குத் துணி போடுறதும் எடுக்கிறதுமா ஓடிக்கிட்டிருக்கேன். இந்தக் கதவும் நானும்தான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு."

"கதவு... ஒழுங்கா இருக்கா?"

"கதவுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. பூட்டும்போது மட்டும் ஒரு முனகல். எங்க மாமியார் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கிற மாதிரியே." அந்தப் பெண் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டாள். "நாலஞ்சு நாளாத்தான். எண்ணெய் விடணுமாம்மா?"

சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். நிறுத்துங்க. ஆனால் ஓர் ஆஸ்பத்திரியின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல நான் யார்? காகிதத்தின் மூலையை வெட்டுகிறவள். நிறுத்து என்று சொல்ல மேலாளர் வேண்டும், கடிதம் வேண்டும். நான் சொல்லி, பல் ஒழுங்காக இருந்துவிட்டால்? ஏதோ ஒருவர் ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும்போது கத்தி கிடைக்காமல் போய்விட்டால்?

"நான் கேட்டுட்டுத் திரும்பக் கூப்பிடறேன்" என்றாள்.

"கூப்பிடுங்க. நான் எங்கேயும் போகப்போறதில்ல" என்றாள் அந்தப் பெண்.

போனை வைத்தபின் அந்தக் கடைசி வாக்கியம் அறையிலேயே நின்றது. மணி ஒன்பது நாற்பது. இத்தனை நேரம் பயந்தது வேலை போய்விடும் என்று. அதை இப்போதுதான் கவனித்தாள். இது வேறு பயம். அதற்கு ஒரு குரல் இருந்தது, கண்ணாடி இருந்தது, முனகிக்கொண்டு எழுந்திருக்கும் ஒரு மாமியார் இருந்தாள்.

*

மேலாளருக்கு நிதானமான குரல். ஆனால் எந்தக் கடிதத்திலும் மேலே 'அவசரம்' என்று சிவப்பில் எழுதுவார். குண்டூசி வாங்குகிற சீட்டிலும் எழுதுவார். பட்டறையில் அவருக்குப் பெயரே அவசரம்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. மடித்த வரைபடத்தை விரித்துப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உக்காருங்க" என்றார். பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. விளிம்பில் உட்கார்ந்தாள்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, எந்த ஆஸ்பத்திரி என்பதாக இருக்கும் என்று அவள் படியேறும்போது நினைத்திருந்தாள்.

"எனக்கும் அவனுக்கும் சார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். முன்னூத்தித் தொண்ணூத்தாறு ஓடியிருக்கு."

"சொல்லலாம், சொல்லலாம். முதல்ல பதறாம யோசிப்போம்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். "டெஸ்ட்ல நாம ஒண்ணரை மடங்கு பிரஷர் ஏத்தி அடிச்சோம். ஆஸ்பத்திரியில அவ்வளவு வராது. நானூத்திப் பன்னெண்டுங்கிறது அந்த ஒண்ணரை மடங்குக்குத்தான். நிஜத்துல ஆயிரம் தாங்கும், ரெண்டாயிரம் தாங்கும்."

"அப்புறம் ஏன் சார் பதினாறா மாத்தினோம்?"

மேஜைக்கு அடியில் அவருடைய முழங்கால் தையல் இயந்திரம்போல் ஆடிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். இவரும் பயந்திருக்கிறார். அது ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். இல்லை. பயந்த ஆள் கையில் இருக்கும் அதிகாரத்தைப்போல் பயங்கரம் வேறில்லை என்று தோன்றியது.

"மூணு மாசத்துல முதல் சர்வீஸ் வருது. ஆளை அனுப்பிக் கதவையே மாத்திடுவோம். யாருக்கும் நோகாது" என்றார். "அதுவரைக்கும் நம்ம பேப்பர் ஒழுங்கா இருக்கணும். நாளை மறுநாள் தணிக்கை. அவர் நேரா உங்க பதிவேட்டைத்தான் கேப்பார். அமலுக்கு வருவது நாலு முதல்னு இருக்குல்ல? அது அஞ்சு முதல்னு இருந்திருந்தா, நாலாவது மெஷின் அன்னிக்கு நடப்புல இருந்த டிராயிங்படி சரியாச் செஞ்ச மெஷின். அவ்வளவுதான் விஷயம். நாலு, அஞ்சு."

"கோடு போட்டு மாத்தட்டுமா சார்?"

அதுதான் பதிவேட்டின் விதி. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, மேலே காகிதம் ஒட்டக் கூடாது. அடித்தது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும்.

"கோடு போட்டா பழசு தெரியுமே" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல். இழுப்பறையிலிருந்து அச்சடித்த வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பதிவேட்டில் கோக்கிற அதே தாள். "பக்கம் முழுசையும் உங்க கையாலயே புதுசா எழுதிடுங்க. பழைய பேனாவாப் பார்த்து எழுதுங்க. ரெண்டு மணிக்கு நான் வந்து பழைய தாளை வாங்கிக்கறேன்."

அவள் தாளை வாங்கவில்லை. வாங்காமலும் இருக்கவில்லை, அது அவள் மடியில் இருந்தது.

"உங்களுக்காகவும்தான் சொல்றேன்மா" என்றார். "நாலு பிரதி வாங்கினேன்னு போட்டது உங்க கையெழுத்து. குடுக்காம விட்டது உங்க வீட்டுப் பையன். வெளியில இருந்து பார்க்கிறவன் இதை எப்படிப் படிப்பான்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒரு வார்த்தை..."

"நான் பார்த்துக்கறேன். நீங்க போன் கீன் எதுவும் பண்ண வேண்டாம்."

*

அவள் எழுதினாள். அதை அவள் பிற்பாடு தன்னிடமே மறைக்க முயலவில்லை. உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, முதல் வரியிலிருந்து பக்கத்தை அப்படியே பார்த்து எழுதினாள். பதினான்கு பதிவுகள். ஒரு குழாயின் வளைவு, ஒரு திருகின் நீளம், பெயின்ட் நிறம். ஒவ்வொன்றும் எப்போது மாறியது, யார் சொல்லி மாறியது. எழுத்து அழகாக வந்தது. கடிகாரம் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை அவளைத் தொட்டது. பத்து இருபது. பதினொன்று. பதினொன்று நாற்பது. ஒவ்வொரு தடவையும் எங்கேயோ ஒரு கதவு முனகி மூடிக்கொண்டது.

இந்த வேலையை அவள் ஏன் இத்தனை வருஷம் விடாமல் வைத்திருந்தாள் என்று யாராவது கேட்டால், வீட்டுக்குப் பக்கம் என்று சொல்வாள். உண்மையான காரணம் அவளுக்கே வெட்கமானது. வீட்டில் எதுவும் நிற்பதில்லை. கணவர் நேற்று சொன்னதை இன்று "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்பார். கோபமாகக்கூட அல்ல, மெய்யாகவே ஆச்சரியத்தோடு கேட்பார். சொன்னது இவள்தானோ, காதில் விழுந்தது தப்போ என்று சில நாட்கள் இவளுக்கே சந்தேகம் வந்துவிடும். நேற்று என்று ஒன்று இருந்ததற்கே வீட்டில் சாட்சி இல்லை. இந்த அறையில் மட்டும் இருந்தது. இங்கே ஐந்து என்பது ஆறாகும், ஆனால் ஐந்தாக இருந்தது என்பதும் எழுதியிருக்கும். தப்பு செய்தால் கோட்டுக்கு அடியில் தப்பும் உட்கார்ந்திருக்கும். தன் தப்புகளைக்கூட அவள் ஒருவிதப் பிரியத்தோடு பார்ப்பதுண்டு. என்னைப் பொய்க்காரி ஆக்க இங்கே யாராலும் முடியாது என்று நினைத்திருந்தாள். தன்னால் முடியும் என்று நினைக்கவில்லை.

கதவு வரைபடத்தின் வரிக்கு வந்தாள். கனம் எழுதினாள். காரணம் எழுதினாள்; நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். அமலுக்கு வருவது: இயந்திரம் எண்.

அங்கே பேனா நின்றது.

*

ஒரு மணிக்குக் கொழுந்தன் சாப்பாட்டு டப்பாவோடு மேலே வந்தான். எப்போதும் கேன்டீனில் கும்பலோடு சாப்பிடுகிறவன். டப்பாவைத் திறக்காமலே எதிரே உட்கார்ந்தான்.

"அவசரம் கூப்பிட்டுப் பேசினார்" என்றான். "நீங்க எழுதிட்டா எல்லாம் சரியாயிடும்னார்."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்கு வேலை நிரந்தரமாயி ரெண்டு மாசம்தான் அண்ணி ஆகுது. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டார். ஒரு நம்பர்தானே."

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. அஞ்சாவது மெஷினுக்குப் பதினாறு பிளேட்டு குடுத்தப்ப உனக்கு என்ன தோணுச்சு?"

அவன் டப்பாவின் மூடியைத் திருகினான், மறுபடி இறுக்கினான்.

"சொல்லுடா."

"நாலுல தப்பாப் போட்டுட்டோம்னு தோணுச்சு."

"அப்ப நாலு எங்க இருந்துச்சு?"

"கீழதான்" என்றான். குரல் உள்ளே போய்விட்டது. "பெயின்ட் அடிச்சிக்கிட்டிருந்தாங்க."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அன்றே சொல்லியிருந்தால் அரை நாள் வேலை. திட்டு வாங்கிக்கொண்டு, பல்லைக் கழற்றி, வேறு பல் போட்டிருப்பார்கள். பட்டறையில் ஒரு வாரம் அவனைக் கேலி செய்திருப்பார்கள்.

"ஏன்டா சொல்லல?"

"உங்களுக்குத்தான் பயந்தேன்" என்றான். "நீங்க நாலுன்னு கையெழுத்துப் போட்டிருந்தீங்க. நான் சொன்னா உங்களையும்ல கேப்பாங்க. உங்களைக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டேன். அப்புறம் லாரி ஏத்திட்டாங்க."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இவனுக்காக அவள் நான்கு போட்டாள். அவளுக்காக இவன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு பேருக்காகவும் மேலாளர் தாள் கொடுத்திருக்கிறார். எல்லாருமாகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் காப்பாற்றிக் காப்பாற்றி, இருபத்திரண்டு நாளாக ஒரு பெண்ணை அந்தக் கதவின் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இறங்கல அண்ணி."

"போய் வேலையைப் பாரு."

அவன் வாசலில் நின்றான். "எழுதிடுவீங்கல்ல?"

அவள் அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி அவள் வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றவன். கணக்கு வராமல் இவளிடம்தான் உட்கார்ந்து அழுதவன். அவன் முகத்தில் அதே முகம் இருந்தது. பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். படியில் இறங்கும் காலடி லேசாக இருந்தது.

*

இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன மேலாளர் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். மேஜைமேல் இரண்டு தாள்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. குனிந்து புதியதைப் படித்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"அச்சடிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க" என்றார். விரல் நின்றது. "இந்த எண்ணைப் போடலியே?"

"இல்லை சார்."

"போடுங்க. கீழ கையெழுத்தும் போட்டுடுங்க."

"ஆஸ்பத்திரியில பேசிட்டீங்களா சார்?"

"பேசறேன்னு சொன்னேன்ல. இதை முடிச்சுட்டுப் பேசறேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. ஒன்பது நாற்பதிலிருந்து ஆறு தடவை ஆகியிருக்கும். நானூற்றிரண்டு. அவர் சொன்ன ஆயிரமும் ரெண்டாயிரமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முனகுகிறது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள், முனகுகிறது என்று.

பயம் போய்விடும், அப்புறம் செய்யலாம் என்று காலையிலிருந்து அவள் காத்திருந்தாள். அது போகவில்லை. போகாது என்பது இப்போது தெரிந்தது. கை சில்லிட்டிருந்தது, காதுக்குள் ரத்தம் அடிக்கும் சத்தம் கேட்டது. அப்படியே, அந்தக் கையாலேயே, பேனாவை எடுத்தாள். மேலாளர் மூச்சை விட்டார்.

அவள் பழைய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 'திரும்பப் பெற்ற பழைய பிரதிகள்: 4' என்ற இடத்தில், நாலின்மேல் ஒற்றைக் கோடு போட்டாள். நாலு நன்றாகத் தெரிந்தது. மேலே மூன்று என்று எழுதினாள். பக்கத்தில் சுருக்கொப்பம், இன்றைய தேதி.

"என்னம்மா பண்றீங்க?"

"வாங்கினது மூணுதான் சார்."

"நான் சொன்னது அது இல்ல. அஞ்சு போடுங்க." அவர் குரல் இன்னும் நிதானமாகத்தான் இருந்தது. "யோசிச்சுச் செய்யுங்க. உங்க வேலையும் போகும், பையன் வேலையும் போகும். சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் போகணும் நீங்க."

"ஆமா சார்" என்றாள். அதுதான் அவளுக்கும் பயம். புதிய தாளை எண் இல்லாமல், கையெழுத்து இல்லாமல் அவர் பக்கமாகத் தள்ளினாள். தகர டப்பாவின்மேல் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையால் போனை எடுத்தாள். எண் மனப்பாடமாகியிருந்தது.

அடித்தது. இரண்டு. மூன்று. மேலாளர் எழுந்து நின்றார். "யாருக்குப் போன் பண்றீங்க?"

நான்கு. ஐந்து. யாரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? ஆறு. அவளுடைய மனசு ஆஸ்பத்திரிச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு அந்த அறைக்குள் ஓடியது. வெள்ளை ஓடு, தண்ணீர்த் தொட்டி, தரையில் ஒரு மூக்குக்கண்ணாடி. ஏழு.

"போனை வைங்கம்மா."

எட்டு. கிளிக் என்றது. தண்ணீர் கொட்டும் சத்தம். தட்டுகள்.

"யாரு?" மூச்சிரைக்க அந்தக் குரல். "காலையில பேசினவங்கதானே? இருங்கம்மா, உள்ளே சாமானெல்லாம் வச்சிட்டேன், கதவை மட்டும் மூடிட்டு வந்துடறேன்."

"மூடாதீங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "அதை அப்படியே திறந்தே விடுங்க. மெயின் சுவிட்சை அணைச்சிட்டு அந்தப் பக்கம் யாரும் போகாமப் பார்த்துக்குங்க. நான் சொல்றதை எழுதிக்கிறீங்களா? காரணமும் சொல்றேன்."

"வைங்க" என்றார் மேலாளர் மறுபடியும், கையை நீட்டி.

அவள் அவரைப் பார்த்து, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது. அவள் காத்திருந்தாள்.